இந்த வாரம் வகுப்பில் என்ன பாடம்?

பிள்ளை என்ன படிக்கிறது, அடுத்து என்ன தேதி வருகிறது என்ற இரண்டு செய்திகளும் வேளையோடு வீடு வந்து சேர்ந்தால் எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிள்ளையின் படிப்பில் துணை நிற்க முடியும். தொடக்கப் பள்ளிகள் இதை எப்படிச் செய்யலாம்? ஒரு சிறப்புப் பார்வை.

ஐப்பசி மழையில், விடிகாலையில் மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தால், பிள்ளைகள் பல் துலக்கி முடிப்பதற்குள் ஊருக்கே செய்தி தெரிந்துவிடுகிறது. தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடுகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. டீக்கடையில் பேச்சாகிறது. செல்போனே இல்லாத வீட்டுக்குக்கூட, பால் வாங்கப் போன அக்கா வாசலில் நின்று “இன்னைக்கு லீவாம்” என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அதே வீட்டில், “உங்க பிள்ளைக்கு இந்த வாரம் கணக்குல என்ன நடக்குது?” என்று கேட்டுப் பாருங்கள். “கூட்டல் கழித்தல்னு ஏதோ சொன்னான்” என்பார் அம்மா. “பருவத்தேர்வு எப்போ?” என்றால், “அடுத்த வாரமா, அதுக்கு அடுத்த வாரமா, தெரியலையே” என்பார். இது அக்கறையில்லாத வீடு இல்லை. விடியற்காலையில் எழுந்து தலை சீவி, சீருடை மாட்டி, பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விடுகிற வீடுதான். அந்த வாசலுக்கு உள்ளே ஐந்தாறு மணி நேரம் என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

பள்ளியிலிருந்து வீட்டுக்குச் செய்தி வராமல் இல்லை. ஆதார் நகல் கொண்டுவர வேண்டும், வங்கிக் கணக்கு எண் வேண்டும், நேற்று ஏன் வரவில்லை, பையன் அடிக்கிறான், கையெழுத்து சரியில்லை என்று வந்துகொண்டேதான் இருக்கிறது. தாள் கேட்டும் குறை சொல்லியும் வரும் செய்திகள் இவை. பாடத்தைச் சொல்லி வரும் செய்திதான் அரிது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான வயதில் பிள்ளைக்கு வீடும் பள்ளியும் ஒரே சொல்லைச் சொன்னால் அது வேரோடும். அந்த ஒரே சொல்லுக்கு வழி செய்வது பள்ளியின் கையில் இருக்கிறது.

சட்டத்திலேயே இருக்கும் கடமை

பெற்றோருக்குச் சொல்வது ஆசிரியரின் நல்ல மனத்தைப் பொறுத்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சட்டக் கடமை. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. நேரந்தவறாமல் வருவது, பாடத்திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிப்பது, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு வேண்டியவர்களுக்குக் கூடுதலாகக் கற்பிப்பது ஆகியவற்றோடு இன்னொரு கடமையும் அதில் இருக்கிறது. பெற்றோரை முறையாகக் கூட்டிப் பேசி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் கண்ட முன்னேற்றம், தெரிய வேண்டிய பிற விவரங்கள் எல்லாவற்றையும் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அது.

அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழகத்தில் 2022-இல் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அதற்கென ‘நம் பள்ளி நம் பெருமை’ என்று ஓர் இயக்கமே நடந்தது. 2024-இல் மறுகட்டமைப்பு வந்து, முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு, உறுப்பினர் எண்ணிக்கை 20-லிருந்து 24 ஆனது. நல்ல ஏற்பாடு. ஆனால் கூட்டத்தில் பேசப்படுவது என்ன? கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், மழைக்கு ஒழுகும் கூரை. இவை அத்தனையும் பேசித் தீர வேண்டியவைதான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை சரளமாக வாசிக்கிறதா என்ற கேள்விக்கு முறை வருவதற்குள் தேநீர் வந்து கூட்டம் கலைந்துவிடுகிறது.

குழுவில் இல்லாத பெற்றோரின் நிலை இதைவிடப் பின்தங்கியது. அவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று முறை முன்னேற்ற அறிக்கை வருகிறது. அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். பருவம் முடிந்தபின் வரும் அறிக்கை நடந்து முடிந்ததைச் சொல்கிறது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வந்து சேர்கிற செய்தியைக் கொண்டுதான் பெற்றோர் ஏதாவது செய்ய முடியும்.

தெருவுக்குக் கேட்ட பாடம்

பாடம் வீட்டுக்குத் தெரியாத காலம் எப்போதும் இருந்ததில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை முன்சொல்ல, மற்ற பிள்ளைகள் உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். ஆத்திசூடியும் எண்சுவடி வாய்பாடும் எதிர்வீட்டு அடுப்படிவரை கேட்கும். எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது தெருவுக்கே தெரியும். நவராத்திரியில் உபாத்தியாயர் தம் பிள்ளைகளை வீடுவீடாக அழைத்துப்போய்ப் பாடச் செய்யும் வழக்கமும் இருந்தது. அந்தப் பள்ளிகளின் நடைமுறையை உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமில்லை, பெண் பிள்ளைகள் மிகக் குறைவு, தண்டனைகள் கொடுமையானவை. திரும்ப வேண்டிய காலம் இல்லை அது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் கதவு திறந்த பொதுப் பள்ளி வந்தபோது, பாடம் தெருவின் காதிலிருந்து விலகிச் சுற்றுச்சுவருக்குள் போனது. அப்படிப் போன பாடத்தை வீட்டுக்குத் தெரியவைக்க வேறு வழி தேவைப்பட்டது. அந்த வழியை நாம் இன்னும் முழுதாக அமைக்கவில்லை.

கொரோனாக் காலம் இதைக் கண்முன் காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-இல். இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சியிலும் செல்போனிலும் பாடம் வீட்டுக்குள் வந்தது. தம் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்பதைப் பல பெற்றோர் அப்போதுதான் முதன்முதலாக நேரில் கண்டார்கள். 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது. அந்தந்தக் குடியிருப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வீட்டு வாசலிலும் சமுதாயக் கூடத்திலும் மாலையில் பாடம் சொல்லித் தந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். கற்றதில் எவ்வளவு மீண்டது என்பது ஒரு பக்கம் இருக்க, இன்னொன்றும் நடந்தது. வேலை முடிந்து வரும் அப்பா, தெருமுனையில் தன் மகள் பாட்டுப் பாடி எழுத்துச் சொல்வதை நின்று கேட்டார். எட்டிப் பார்க்க முடிந்ததும் பெற்றோருக்குப் படிப்பின் மேல் உரிமை வந்தது.

‘ட’வில் தொடங்கும் முதல் வகுப்பு

சொல்லாமல் விட்டால் என்ன கெடும்? முதல் வகுப்பைப் பாருங்கள். நம்மில் பலரும் ‘அ, ஆ’ என்று தொடங்கிப் படித்தவர்கள். இன்றைய தொடக்கப் பள்ளிகளில் பல ஆசிரியர்கள் எழுத எளிய கோடுகளைக் கொண்ட ‘ட’, ‘ப’, ‘ம’ ஆகிய எழுத்துகளில் தொடங்குகிறார்கள். மூன்று எழுத்து வந்ததுமே ‘படம்’, ‘மடம்’ என்று பிள்ளை சொல்லாக வாசித்துவிடலாம் என்பது அதன் நன்மை. ஆனால் வீட்டில் நடப்பது வேறு. பள்ளி திறந்து ஒரு மாதம் ஆன பிறகு பாட்டி பேத்தியைக் கூப்பிட்டு, “அ எழுதிக் காட்டு” என்கிறார். பேத்தி முழிக்கிறாள். “ஒரு மாசமா ‘அ’னாகூடச் சொல்லித் தரலையா?” என்று வீடு கொதிக்கிறது. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை வேறு பள்ளியின் வேனில் ஏறுகிறாள். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, “இந்த மாதம் இந்த மூன்று எழுத்துதான், இதற்காகத்தான்” என்று ஒரு வரி வந்திருந்தால், அதே பாட்டி பஞ்சாங்க அட்டையிலும் பஸ் போர்டிலும் ‘ப’ எங்கே என்று பேத்தியைத் தேட வைத்திருப்பார்.

இது ஒரு வகுப்பின் கதை மட்டும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையை நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப்படி போன்ற அட்டவணையில் தம் நிலையைத் தாமே பார்த்துப் படித்தார்கள். நாடே திரும்பிப் பார்த்த முயற்சி அது. ஆனால் பல வீடுகளில் எழுந்த பேச்சு, “புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பிள்ளை விளையாடிட்டு வருது” என்பதுதான். முறையை ஆசிரியர்களுக்குப் பயிற்சியாகத் தந்த அளவுக்குப் பெற்றோருக்குப் பேச்சாகத் தரவில்லை.

2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அதே சோதனையைச் சந்திக்கிறது. இதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் படிக்கிறார்கள். அரும்பு அடிப்படை நிலை. மலர் உயர்ந்த நிலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாயிடம் “உங்க பையன் அரும்புல இருக்கான்” என்று மட்டும் சொன்னால் அது அழகான சொல்லாக அவர் காதில் விழும். அவன் இன்னும் சொற்களைக் கூட்டி வாசிக்கத் திணறுகிறான், அடுத்த நிலைக்குப் போக இன்னின்ன எழுத்துகளில் பழக்கம் வேண்டும் என்று சொன்னால்தான் அவருக்கு நிலைமை புரியும், கைகொடுக்கவும் தோன்றும்.

கட்டைப் பிரித்தால் கழித்தல்

இன்னும் அருகில் போய் ஒரு கணக்கைப் பார்ப்போம். 42-லிருந்து 17 போனால் எத்தனை? நாம் படித்த காலத்தில், “ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு” என்று சொல்லித் தந்தார்கள். இன்றைய இரண்டாம் வகுப்பில் ஆசிரியர் குச்சிகளைத் தருகிறார். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு நான்கு கட்டு. தனியாக இரண்டு குச்சி. ஏழு குச்சி எடுக்க வேண்டும், கையில் தனியாக இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றுகிறது. இப்போது தனிக் குச்சிகள் 12. அதில் 7 எடுத்தால் மீதி 5. மூன்று கட்டில் ஒன்றை எடுத்தால் மீதி இரண்டு கட்டு. விடை 25. பத்து என்பது பிரிக்கக்கூடிய ஒரு கட்டு என்பதைப் பிள்ளையின் விரல் தெரிந்துகொள்கிறது.

மாலையில் வீட்டில் அக்காவோ அப்பாவோ உட்கார்ந்து, “கடன் வாங்குடா” என்கிறார்கள். யாரிடம் கடன், எதற்குக் கடன் என்று பிள்ளைக்கு விளங்கவில்லை. “மிஸ் இப்படிச் சொல்லித் தரலை” என்று அழுகிறது. “மிஸ்ஸுக்குத் தெரியாது” என்று பெரியவர் எரிச்சல்படுகிறார். இரண்டு பேர் மேலும் நம்பிக்கை போய், கணக்கின் மேல் பயம் மட்டும் மிஞ்சுகிறது. வெள்ளிக்கிழமையே, “அடுத்த வாரம் கட்டைப் பிரித்துக் கழித்தல். வீட்டில் ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி வையுங்கள்” என்று சொல்லியிருந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாத்தாவும் குச்சியை எண்ணிக் கொடுத்து அந்தப் பாடத்தில் பங்குகொள்வார்.

பிள்ளையிடம் பேசவும் இந்த ஒரு வரி உதவும். “இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்றால் எல்லாப் பிள்ளையும் சொல்லும் பதில் “ஒண்ணுமில்லை.” “இன்னைக்கு எத்தனை கட்டைப் பிரிச்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை குச்சியை எடுத்துவந்து காட்டும்.

இதை வீட்டுப்பாடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது சரியான முடிவு. வகுப்பில் நடப்பதைப் பற்றி வீட்டில் ஐந்து நிமிடம் பேசுவது வேறு. நான்கு பக்கம் எழுதி வரச் சொல்வது வேறு.

முன்கூட்டித் தெரியாத தேதியின் விலை

தேதிகளைப் பற்றியும் மனம்விட்டுப் பேச வேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் குரூப்பில் ஒரு செய்தி வருகிறது: ‘நாளை பச்சை வண்ண நாள். பிள்ளைகள் பச்சை உடையில் வரவும், சார்ட் கொண்டு வரவும்.’ கடை அடைத்திருக்கும். வீட்டில் பச்சைச் சட்டை இருக்காது. காலையில் பிள்ளை பள்ளிக்கே வர மறுக்கும். வசதியுள்ள வீட்டில் இது ஓர் அலைச்சலோடு முடிந்துபோகும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை எல்லாரும் பச்சையில் நிற்கும் வரிசையில் தான் மட்டும் வேறு நிறத்தில் நிற்கும்.

பெற்றோர் கூட்டமும் அப்படித்தான். “நாளைக்கு மூணு மணிக்கு வாங்க” என்ற அழைப்பு, மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மணி நேர அனுமதி. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய வருமானம். 2025-26-இல் தமிழகத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். மில்லில், கட்டட வேலையில், வீட்டு வேலையில் இருப்பவர் முன்கூட்டிச் சொல்லாமல் பாதியில் கிளம்பினால் மறுநாள் வேலையே இருக்குமா என்பது உறுதியில்லை. “கூப்பிட்டா வர்றதே இல்லை, பிள்ளைமேல அக்கறை இல்லை” என்று அவர்களைப் பற்றிச் சொல்வது எளிது. ஒரு வாரம் முன்பே சொல்லி, மாலை ஆறு மணிக்கு ஒரு முறை கூட்டம் வைத்துப் பார்த்த பிறகு அந்தத் தீர்ப்பைச் சொல்லலாம்.

உடல்நலம் சார்ந்த தேதிகளில் முன்னறிவிப்பு இன்னும் முக்கியம். குடற்புழு நீக்க மாத்திரை தரும் நாள் தெரிந்தால் தாய் பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா, வேறு மருந்து ஓடுகிறதா என்று முன்பே சொல்வார். தெரியாத வீட்டில், மாலையில் பிள்ளை லேசாக வயிறு வலிக்கிறது என்றதும் பதற்றம் பற்றிக்கொள்ளும். ஒரு வீட்டின் பதற்றம் பத்து வீட்டுக்குப் பரவி, அடுத்த முறை மாத்திரையே வேண்டாம் என்ற இடத்தில் போய் நிற்கும். பத்து வயதில் போடும் ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிக்கும் இதே முன்னறிவிப்பு வேண்டும்.

மதிப்பீட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, ஒவ்வொரு பருவத்திலும் 40 மதிப்பெண் வகுப்பறைச் செயல்பாடுகளுக்கு, 60 மதிப்பெண் பருவத்தேர்வுக்கு என்று பிரிக்கப்பட்டது. தேர்வன்று பிள்ளை போனால் போதும் என்று நினைக்கும் பெற்றோர், நடுவில் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு நான்கு நாள் அழைத்துப் போய்விடுகிறார்கள். அந்த நான்கு நாளில்தான் பிள்ளை செய்து காட்ட வேண்டிய செயல்பாடு நடந்திருக்கும். தேதி தெரிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடும் வீடுகள்தான் பெரும்பாலானவை.

ஆய்வுகள் காட்டும் உண்மை

பெற்றோருக்குச் செய்தி சொன்னால் பிள்ளை படிக்குமா? இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் கவனமாகச் சோதித்திருக்கிறார்கள். 2019-இல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும், பிரதம் அமைப்பின் ருக்மிணி பானர்ஜி உள்ளிட்டோருடன் சேர்ந்து, உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சில ஊர்களில் கூட்டம் போட்டுக் கிராமக் கல்விக் குழுவின் அதிகாரங்களைச் சொன்னார்கள். சில ஊர்களில் பிள்ளைகளின் வாசிப்பு நிலையையும் ஊரே சோதித்துப் பார்க்கச் செய்தார்கள். இவற்றால் பள்ளியில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. மூன்றாவது வகை ஊர்களில் உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிப்புப் பயிற்சி நடத்தச் சொல்லித் தந்தார்கள். அங்கே பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் வாசிப்பில் தெளிவாக முன்னேறினார்கள். நிலைமை மோசம் என்று சொல்வதோடு நிறுத்தினால் மனிதர்கள் கவலைப்படுவார்கள். செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கையில் கொடுத்தால் செய்வார்கள்.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது நடந்த ஆய்வு இன்னும் துல்லியமானது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் வீடுகளுக்கு வாரந்தோறும் சில எளிய கணக்குகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். இன்னொரு பகுதி வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு, பயிற்றுநர் போனில் அழைத்துப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் 15 முதல் 20 நிமிடம் பேசினார். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் பெரிய பலன் இல்லை. அழைத்துப் பேசிய வீடுகளில் பிள்ளைகளின் கணக்குத் திறன் உயர்ந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை, சாதாரண செல்போன்தான். மனிதக் குரல் அங்கே வேலை செய்தது.

இந்த இரண்டும் நம் பள்ளிகளுக்குச் சொல்வது ஒன்றே. செய்தி சிறியதாக இருக்க வேண்டும். வீட்டில் உடனே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். முடிந்தவரை குரலாக இருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களின் எழுத்தறிவு சுமார் 73 விழுக்காடு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகளில் பலருக்குச் சுற்றறிக்கை படிக்க வராது. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை செய்யும் ஒடியா, இந்தி, வங்காளி பேசும் பெற்றோருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, பேசினால் புரிந்துகொள்வார்கள். எழுத்தைவிடக் குரல் அதிக தூரம் போகும்.

இன்னொரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் எண். போன் அவரோடு வேலைக்குப் போய்விடுகிறது. பிள்ளையோடு மாலைப்பொழுதில் இருப்பவர் அம்மா அல்லது பாட்டி. சேர்க்கையின்போதே, “மாலையில் பிள்ளையோடு யார் இருப்பாங்க? அவங்களுக்கு எந்த நம்பர்ல சொல்லலாம்?” என்று கேட்டு எழுதிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். எந்த எண்ணும் இல்லாத வீட்டுக்காகப் பள்ளியின் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை வேண்டும். உள்ளே குறளும் பொன்மொழியும் எழுதும் பலகையைப் போல, வாசலில் நிற்பவர் பார்க்கும்படி, ‘இந்த வாரம்’ என்று தலைப்பிட்டு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே அதை எழுதலாம். மாலையில் தம்பியைக் கூட்டிப்போக வரும் அக்கா அதைப் படித்து வீட்டில் சொல்வாள்.

ஒரு மாதிரி: இரண்டாம் வகுப்பின் வாரச் செய்தி

(வெள்ளி மாலை, ஆசிரியர் தம் குரலில் ஒரு நிமிடத்துக்குள் சொல்லக்கூடியது)

“வணக்கம் அம்மா, அப்பா. வர்ற வாரம் தமிழ்ல புள்ளி வச்ச எழுத்து வர்ற சொற்களை வாசிக்கப் போறோம். பட்டம், தொட்டில், வண்டு மாதிரி. கணக்குல கட்டைப் பிரிச்சுக் கழித்தல். சூழ்நிலையியல்ல நம்ம வீட்டுப் பக்கத்துல இருக்கிற செடி கொடி. வீட்டுல ஒரே ஒரு வேலை. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தா கட்டி மூணு கட்டு வச்சுக்கோங்க. முப்பதுல எட்டு எடுன்னு சொல்லுங்க. எந்தக் கட்டைப் பிரிக்குதுன்னு பாருங்க, தப்பாச் செஞ்சாலும் திட்டாதீங்க. புதன்கிழமை குடற்புழு மாத்திரை. காலையில சாப்பிட வச்சு அனுப்புங்க, காய்ச்சல் இருந்தா முன்னாடியே சொல்லுங்க. அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளி பெற்றோர் கூட்டம். பருவத்தேர்வுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. எதுனாலும் சாயங்காலம் நாலே காலிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் கூப்பிடலாம்.”

குரூப்பில் எது கூடாது

வாட்ஸ்அப் குரூப் வசதியானது. தவறாகக் கையாண்டால் பிள்ளையைக் காயப்படுத்தும். ‘பாடம் முடிக்காதவர்கள்’ என்று ஐந்து பெயரைப் போடுவது, ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைப் பொதுவில் சொல்வது, நோட்டைப் படம் பிடித்து ‘இதைப் பாருங்கள்’ என்று அனுப்புவது ஆகியவற்றை அடியோடு விட வேண்டும். பிள்ளைக்கு மனத் துன்பம் தருவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. பிள்ளைகளின் தனிப்பட்ட விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பாடமும் தேதியும் எல்லாருக்கும் பொது. ஒரு பிள்ளையின் குறை அந்த வீட்டோடு மட்டும் பேச வேண்டியது. குறையைப் பேசும் முன் அந்தப் பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து போன் வந்தாலே நெஞ்சு படபடக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். “உங்க பொண்ணு இன்னைக்கு ஒரு கதையை முழுசா வாசிச்சா” என்று சொல்லவும் போன் வரும் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியரின் எண் இருக்கிறது என்பதற்காக இரவு பத்து மணிக்குக் கூப்பிடாதீர்கள். குரூப்பில் நாள் முழுக்க வாழ்த்துப் படங்கள் அனுப்பினால் தேதிச் செய்தி அதற்கடியில் புதைந்துபோகும். வாரச் செய்தி வந்ததும், “கேட்டோம் டீச்சர்” என்று ஒரு சொல் பதில் போடுங்கள். எந்த வீட்டிலிருந்து பதில் வரவில்லையோ அந்த வீட்டை வேறு வழியில் அணுக வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரியும்.

நேரத்தை யார் தருவது?

இத்தனையும் படிக்கும் ஆசிரியர் கேட்கப்போகும் கேள்வி நியாயமானது: “இதுக்கெல்லாம் நேரம் எங்கே?” கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். நம் கிராமப் பள்ளிகளில் பல இந்த அளவில் இருப்பவை. இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைக் கவனிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். காலை உணவு, மதிய உணவு, மாணவர் விவரங்களுக்கான எமிஸ் இணையதளத்தில் பதிவு, செயலியில் வருகை, தேர்தல் பணி, பயிற்சி வகுப்பு என்று அவர்கள் நாள் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. இதற்குமேல் ஒரு புதிய படிவத்தையும் ஒரு புதிய செயலியையும் தந்தால் அது மற்றுமொரு பதிவேடாகத்தான் முடியும்.

அதனால் அரசின் முன் வைக்கும் கோரிக்கை எளிமையானது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அரை மணி நேரத்தைப் பெற்றோருக்கென்று கால அட்டவணையிலேயே எழுதுங்கள். அந்த அரை மணியில் ஆசிரியர் வாரச் செய்தியைப் பேசிப் பதிவு செய்யட்டும். வெளிச்சுவர்ப் பலகையை மாற்றட்டும். இரண்டு மூன்று வீடுகளுக்குப் போன் செய்யட்டும். வாரம் மூன்று வீடு என்றால் முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பருவத்துக்குள் எல்லா வீட்டோடும் ஒரு முறை பேசிவிடலாம். அதற்கு அறிக்கை கேட்காதீர்கள், புகைப்படம் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கதைப்புத்தகம் வாசிக்க வைக்க, பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்களையும் இல்லம் தேடிக் கல்வியில் அனுபவம் பெற்றவர்களையும் அழையுங்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ள பள்ளிகளில் அதை நிரப்புங்கள். ஒற்றை ஆளாக நின்று ஐந்து வகுப்பு நடத்துபவரிடம் வேறெதுவும் கேட்கும் உரிமை நமக்கு இல்லை.

ஆண்டின் தொடக்கத்திலேயே தேதி அட்டை ஒன்றையும் தரலாம். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள் தொடங்கி, பருவத்தேர்வுகள், விடுமுறைகள், மருத்துவ முகாம்கள், கூட்டங்கள், ஆண்டு விழா வரை ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லலாம். மாறும் தேதிகளை மட்டும் வாரச் செய்தியில் திருத்திச் சொன்னால் போதும்.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கும் ஒவ்வொரு பெற்றோரும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழியலாம்: கூட்டத்தின் முதல் பதினைந்து நிமிடம் பாடத்துக்கு. எந்த வகுப்பில் என்ன நடக்கிறது, எத்தனை பிள்ளைகள் சரளமாக வாசிக்கிறார்கள், அடுத்த மாதம் வீடு என்ன செய்ய வேண்டும் என்று பேசிவிட்டுக் கழிப்பறைக் கதவுக்குப் போகலாம். ஆசிரியரின் கடமையைச் சட்டம் எழுதி ஒன்றரைப் பத்தாண்டு கடந்துவிட்டது. அந்தக் கடமையைச் செய்யத் தேவையான அரை மணி நேரத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது அரசு. கேட்டு வாங்க வேண்டியவர்கள் பெற்றோர்.